முன்கடப்பு, பின்மறைவு: கோள் விண்மீனின் குறுக்கே போவதற்கு ஒரு சொல்

குழு அன்பர்களுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

எங்கள் தமிழ்ப்பள்ளி அறிவியல் மன்றத்துக்குப் புறக்கோள்கள், அதாவது சூரியனை அல்லாமல் வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள், பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். முதல் பக்கத்திலேயே சொல் தட்டுகிறது. ஒரு கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே வரும்போது அந்த விண்மீனின் ஒளி கொஞ்சம் மங்குகிறதே, அதற்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் டிரான்சிட், மலாயிலும் டிரான்சிட். அந்தச் சொல்லை இங்கே சொன்னால் பிள்ளைகளுக்கு விமான நிலையம்தான் நினைவுக்கு வருகிறது.

‘பெயர்ச்சி’ வேண்டவே வேண்டாம். டவுன் முழுக்க குருப்பெயர்ச்சி யாகத்துக்குப் பேனர் கட்டும் ஊர் இது. ராசி விட்டு ராசி போவதற்கு அந்தச் சொல் எப்போதோ போய்விட்டது. ‘கோள் கடத்தல்’ என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். நாளிதழ் படிக்கிறவர்கள் போலீஸில் புகார் கொடுக்கச் சொல்வார்கள்.

> கிள்ளான் ஐயா: ‘மறைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. கிரகணத்துக்கும் அதுதானே? புதுச்சொல் எதற்கு?

ஐயா, அதன் எளிமை எனக்கும் பிடிக்கிறது. ஆனால் எவ்வளவு மறைகிறது என்று பாருங்கள். வெளியே தொலைவில் இருந்து பார்க்கிறவருக்கு, வியாழன் நம் சூரியனின் குறுக்கே போனால் ஏறக்குறைய 1 விழுக்காடு ஒளி குறையும். பூமி போனால் 0.008 விழுக்காடு. மறைப்பு என்றால் பிள்ளைகள் இருட்டை எதிர்பார்ப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. கோள் சுற்றி வந்து விண்மீனுக்குப் பின்னாலும் போகும். அப்போது உண்மையிலேயே மறைவது கோள்தான். முன்னால் நடப்பதற்கே ‘மறைப்பை’ச் செலவழித்துவிட்டால் பின்னால் நடப்பதற்கு என்ன மிஞ்சும்?

இரண்டுக்கும் ஏன் தனிச்சொல் கேட்கிறேன் என்றால், இரண்டும் சொல்லும் செய்தி வேறு வேறு. எச்.டி. 209458 என்ற விண்மீனையே எடுத்துக்கொள்வோம். பூரட்டாதி இருக்கும் பெகாசஸ் பக்கத்தில், சுமார் 160 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நல்ல பைனாகுலருக்குத் தெரியும். மூன்றரை நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றும் ஒரு பெருங்கோள் குறுக்கே போவதை 1999இல் கண்டார்கள். இப்படிக் குறுக்கே போவது காணப்பட்ட முதல் புறக்கோள் அதுதான். கோள் முன்னால் போகும்போது விண்மீன் ஒளியில் ஒரு துளி அதன் வளிமண்டலத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு நம்மிடம் வருகிறது. அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்துத்தான் ஹபிள் தொலைநோக்கி அங்கே சோடியம் இருப்பதைக் காட்டியது. அப்புறம் 2005இல், அதே கோள் பின்னால் போய் ஒளிந்தபோது அகச்சிவப்பு ஒளி எவ்வளவு குறைந்தது என்று ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அளந்தது. குறைந்த அந்த அளவுதான் கோளின் வெப்பம். ஆக, முன்னால் போனால் காற்று தெரிகிறது, பின்னால் போனால் சூடு தெரிகிறது. இதை ஒரே சொல்லால் எழுதிப் பாருங்கள், இரண்டாவது பத்தியிலேயே வாசகர் தொலைந்துபோவார்.

விண்மீன் பக்கத்தில், பளிச்சென்று இருந்தால் ஏன் நல்லது என்பதையும் கையேட்டில் கணக்காகவே கொடுக்கிறேன். ஒரு மில்லியன் ஒளித்துகள் வந்தால் அளவையில் இயல்பாகவே 0.1 விழுக்காடு ஏற்ற இறக்கம் இருக்கும். அதை 0.01 ஆகக் குறைக்க நூறு மில்லியன் வேண்டும். மங்கலான விண்மீனிடம் அவ்வளவு கேட்டால் எங்கே போகும்? 2009இல் ஏவிய கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி ஆயிரக்கணக்கில் கோள்களைக் கண்டுபிடித்தது, ஆனால் அந்த விண்மீன்களில் பெரும்பாலானவை தொலைவு, மங்கல். கோளின் எடையையோ காற்றையோ அளக்கப் போனால் ஒளி போதாது. அதனால்தான் 2018இல் டெஸ் என்ற விண்வெளித் தொலைநோக்கி பக்கத்து விண்மீன்களில் கோள் தேடப் போனது.

என் முன்மொழிவு: கோள் முன்னால் போவது முன்கடப்பு, பின்னால் போவது பின்மறைவு. முன்னால் கடக்கிறது, பின்னால் மறைகிறது. எது எங்கே என்று சொல்லே காட்டிவிடும். வளிமண்டலத்தின் ஊடே வந்த ஒளியின் நிறமாலைக்கு ‘ஊடொளி நிறமாலை’ என்று எழுதிப் பார்த்தேன், உட்காருகிறது.

—

> பினாங்கு அக்கா: தம்பி, முன்கடப்பு என்றால் முன்பே கடந்துவிட்டது என்று படிக்க மாட்டார்களா? முன்பதிவு, முன்பணம் எல்லாம் காலத்தைத்தானே சொல்கின்றன? ‘இடைநகர்வு’ ஏற்கெனவே இருக்கிறதே. இன்னொன்று, ஒரு விண்மீன் உச்சி வட்டத்தை, அதாவது வடக்கு தெற்காகத் தலைக்கு மேலே போகும் கற்பனைக் கோட்டைத் தாண்டுவதையும் டிரான்சிட் என்கிறோம். அதை எங்கே வைப்பீர்கள்?

அக்கா, முன்வாசல், முன்பல் எல்லாம் இடம்தானே? பக்கத்திலேயே ‘பின்மறைவு’ நிற்கும்போது குழப்பம் வராது என்று நினைக்கிறேன். இடைநகர்வு நல்ல சொல்தான், ஆனால் அதற்கு இணையாகப் பின்பக்கத்துக்கு ஒன்று கிடைக்கவில்லை. உச்சி வட்டத்துக்கு ‘உச்சிக்கடப்பு’ போடலாம். கடப்பு பொது, முன்னொட்டு வேலை செய்யும். 2012 ஜூன் 6 காலையில் நம் ஊரில் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் மேல் புள்ளியாக இருந்ததே, அதுவும் வெள்ளி முன்கடப்பு. அடுத்தது 2117இல்தான், கையேட்டின் அடுத்த பதிப்பை யார் எழுதுவார்களோ!

எடுத்துக்காட்டு விண்மீனாக ‘கடகம் 55’ஐச் சேர்த்திருக்கிறேன். பூசத்துக்கு வடக்கே, 41 ஒளியாண்டு. செம்பனைத் தோட்டத்து இருட்டில் கூர்மையான கண்ணுக்குத் தட்டுப்படலாம். அதன் ஒரு கோளுக்கு ஆண்டு என்பது 18 மணி நேரத்துக்கும் குறைவு. அது முன்கடப்பதை 2011இல் விண்வெளித் தொலைநோக்கிகள் உறுதி செய்தன. ஒளி மங்குவது பத்தாயிரத்தில் மூன்று, நான்கு பங்குதான், நம் பள்ளித் தொலைநோக்கிக்கு எட்டாது. ஆனால் விண்மீனைக் காட்டி ‘அங்கே ஒன்று சுற்றுகிறது’ என்று சொல்லலாம். தைப்பூசத்தன்று மட்டும் முயல வேண்டாம், முழுநிலா அந்தப் பக்கமே நின்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

> கிள்ளான் ஐயா: சரி, பின்மறைவுக்கு நான் சம்மதம். முன்கடப்பு இன்னும் நாக்கில் ஒட்டவில்லை. பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

சொல்லிப் பார்க்கிறேன் ஐயா. இன்னும் ஒன்று பாக்கி: கோளின் விளிம்பு விண்மீனைத் தொடும் நேரத்துக்கும் விட்டு விலகும் நேரத்துக்கும் சொல் வேண்டும். ‘நுழைவு, வெளியேற்றம்’ என்று வைத்திருக்கிறேன். கோள் உள்ளே எங்கும் நுழைவதில்லை என்பதால் மனம் ஒப்பவில்லை. ‘தொடுகை, விடுகை’ எப்படி? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் அச்சகத்துக்குப் போகும் படியில் சேர்த்துவிடலாம்.