பேட்டரி மாத்தியே ஆகணுமா? சீட்டக் காட்டி பயமுறுத்துறாங்க

ஈசூன்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஒரு ஜப்பான் செடான், பேட்டரி போட்டு ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு. சிங்கப்பூர்ல வேலைக்கு எம்ஆர்டி ரயில்ல போயிடுவேன், வண்டி வாரம் பூரா மல்டி ஸ்டோரி கார்பார்க்லயே கிடக்கும், சனி ஞாயிறு தேக்கா மார்க்கெட், மாமியார் வீடு, அவ்ளோதான். கொஞ்ச நாளா காலையில சாவி போட்டா உர்ர்... உர்ர்னு இழுத்துட்டுதான் ஸ்டார்ட் ஆகுது. சர்வீசுக்கு விட்ட இடத்துல ஒரு மெஷின மாட்டி சீட்டு அடிச்சுக் குடுத்து, பேட்டரி போச்சு, இன்னிக்கே மாத்துங்க, நடுரோட்டுல நின்னா நாங்க பொறுப்பில்லன்னுட்டாங்க. ஆனா பேட்டரி மேல இருக்கிற சின்ன கண்ணாடி வட்டம் பச்சையாத்தான் தெரியுது, பச்சைன்னா சார்ஜ் இருக்குன்னுதானே அர்த்தம்! யாரை நம்புறது? முன் கண்ணாடியில இருக்கிற கேமரா, அதான் டாஷ்கேம், வண்டி நிக்கும்போதும் பதிவு பண்ற பார்க்கிங் மோட்ல ராத்திரி பகலா ஓடுது, அதையும் சொல்லிடறேன்.

ஸ்பேனர் மாமா:
தம்பி, அந்தப் பச்சைய நம்பாதீங்க. உள்ள 6 செல் இருக்கு, அந்தக் கண்ணு பாக்கறது ஒரே ஒரு செல்ல மட்டும். மத்த அஞ்சுல ஒண்ணு செத்துக் கிடந்தாலும் அது பச்சையாவே சிரிச்சிட்டிருக்கும். அந்த சீட்டுல வோல்ட் எவ்ளோ, கடைசி வரியில என்ன அடிச்சிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. மாத்துன்னு அடிச்சிருக்கா, இல்ல சார்ஜ் பண்ணிட்டு மறுபடி டெஸ்ட் பண்ணுன்னு அடிச்சிருக்கா? ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

ஈசூன்காரன்:
மாமா, 12.08 வோல்ட். கடைசி வரியில 'சார்ஜ் அண்ட் ரீடெஸ்ட்'னுதான் இருக்கு!! இதை ஏன் அவங்க சொல்லவே இல்ல?

ஸ்பேனர் மாமா:
ஏன் சொல்லலன்னு உங்களுக்கே தெரியும் லா 😄 சரி, விஷயத்துக்கு வரேன். நல்லா சார்ஜ் ஏறின 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6க்கு மேல காட்டணும், 12.08னா சார்ஜ் பாதிக்கும் கீழ. அந்த நிலைமையில எந்த பேட்டரிய டெஸ்ட் பண்ணாலும் வீக்குன்னுதான் வரும். உங்க கதையில வாரம் பூரா டாஷ்கேம் குடிக்குது, வாரக் கடைசியில ஓடுற கொஞ்ச தூரம் குடிச்சதை ஈடு கட்டறதில்ல, இதுல நம்ம ஊரு சூடு வேற. சூடு ஏற ஏற உள்ள இருக்கிற தண்ணி வத்தும், ஈயத் தட்டு அரிச்சிட்டுப் போகும். குறைஞ்ச சார்ஜ்லயே நாள்கணக்கா கிடந்தா தட்டுல சல்ஃபேட் படிஞ்சு இறுகிடும், அப்புறம் எவ்ளோ சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. அதனால தள்ளிப்போடாம ஸ்மார்ட் சார்ஜர்ல ராத்திரி பூரா போடுங்க. எடுத்ததும் அளக்காதீங்க, அது பொய்க் கணக்கு காட்டும். சில மணி நேரம் சும்மா விட்டுட்டு, வோல்ட் அளக்குற மல்டிமீட்டர் வைங்க. வண்டியில மாட்டாமலே மறுநாளும் 12.6 நின்னா பேட்டரி அனேகமா நல்லாருக்கு, குத்தம் டாஷ்கேம் மேல; சீட்டுல சொன்ன மாதிரி மறுபடி டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கோங்க. தானாவே 12.3, 12.2ன்னு இறங்கினா வாங்கிட வேண்டியதுதான், அப்போ வொர்க்‌ஷாப்காரன் சொன்னது சரி. வண்டியில மாட்டினப்புறம் எஞ்சின் ஓடும்போதும் ஒரு தடவை பாருங்க, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது எஞ்சின்ல இருக்கிற ஆல்டர்னேட்டர்தான், அது சாதாரண டைப்னா 14 வோல்ட் பக்கத்துல வரணும். வரலைன்னா புது பேட்டரி போட்டாலும் இதே கதைதான்.

உட்லண்ட்ஸ் அக்கா:
கார்பார்க்ல பிளக் பாயிண்ட் ஏது, கழட்டி வீட்டுக்குத்தான் தூக்கணும், கனம் ஜாஸ்தி, டிராலி எடுத்துட்டுப் போங்க. கழட்டும்போது கருப்பு வயர் (மைனஸ்) முதல்ல, மாட்டும்போது கருப்பு கடைசியில. கருப்பு மாட்டியிருக்கும்போதே சிவப்புல (பிளஸ்) ஸ்பேனர் வச்சு, அது வண்டி பாடியில பட்டா தீப்பொறி பறக்கும். நிமிர்த்தியே வைங்க, சாய்க்காதீங்க. ஜன்னலைத் திறந்து வச்சு சார்ஜ் போடுங்க, சாமி விளக்கு பக்கத்துல வேணவே வேணாம், சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கிற ஹைட்ரஜன் வாயு வரும்.

அப்படியே டெர்மினலையும், அதான் வயர் மாட்டுற முனையையும் பாருங்க. என் வண்டியில சிவப்புப் பக்கம் பச்சையும் வெள்ளையுமா உப்புப் பூத்த மாதிரி படிஞ்சு, கிளாம்ப் கையால ஆட்டினாலே ஆடுச்சு, அதுக்கே ஸ்டார்ட்டிங் தகராறு. கையுறை போட்டுக்கிட்டு, சோடா மாவ வெந்நீர்ல கலக்கி பழைய டூத்பிரஷ்ல தேச்சு, நல்லா காயவிட்டு இறுக்கினதும் லேசா வேஸ்லின் தடவினேன், சரியாயிடுச்சு. பேட்டரியோட பக்கவாட்டு ஏதாச்சும் வீங்கி உப்பியிருந்தா மட்டும் சார்ஜ் கிர்ஜ் எதுவும் போடாதீங்க, நேரா மாத்திடுங்க.

ஜேபி போற ஆளு:
மாத்துற மாதிரி ஆச்சுன்னா ஒண்ணு கவனிங்க, சிக்னல்ல தானா ஆஃப் ஆகி ஆன் ஆகிற வண்டின்னா உள்ள ஈஎஃப்பி இல்லன்னா ஏஜிஎம் டைப், அதாவது அடிக்கடி ஸ்டார்ட் ஆகுறதைத் தாங்குற பேட்டரி இருக்கும், விலை கம்மின்னு சாதா பேட்டரி போட்டுட்டு வந்துடாதீங்க, சீக்கிரம் போயிடும். டாஷ்கேம் செட்டிங்ல லோ வோல்டேஜ் கட் ஆஃப் இருக்கும், வோல்ட் அதுக்குக் கீழ இறங்கினா டாஷ்கேம் தானா நின்னுடும், அதை 12.4ல வைங்க.

ஈசூன்காரன்:
நன்றி எல்லாருக்கும். அந்த கட் ஆஃப் இதுவரைக்கும் ஆஃப்லயே இருந்திருக்கு, இப்ப 12.4ல வச்சாச்சு. சனிக்கிழமை கழட்டுறேன், அளந்துட்டு வந்து சொல்றேன்.

உட்லண்ட்ஸ் அக்கா:
சாவிய பூட்ல, அதான் பின்னாடி டிக்கியில வச்சு மூடிடாதீங்க தம்பி, பேட்டரி இல்லாம பட்டன் அமுக்கினா பூட் திறக்காது.