இட்லிப்பூச் செடி மஞ்சளித்த கதை: உங்கள் வீட்டில் எப்படி?

வீடு கட்டி முடித்த கையோடு சுற்றுச்சுவரை ஒட்டி ஆறு இட்லிப்பூச் செடிகள் வைத்தோம். தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். வாளியில் இரண்டு நாள் நின்றால் விளிம்பில் வெள்ளையாகப் படிந்துவிடும். முதல் மழைக்காலத்தில் செடி முழுக்கச் சிவப்புக் கொத்துகள். பள்ளி விட்டு வந்ததும் என் மகள் பூவைக் கிள்ளித் தேன் உறிஞ்சிய பிறகுதான் வீட்டுக்குள் வருவாள்.

அடுத்த கோடையில் கொழுந்து இலைகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் எலுமிச்சை மஞ்சள். அடியிலிருந்த முற்றிய இலைகளோ கரும்பச்சையாகவே இருந்தன. அதை நான் கவனித்திருக்க வேண்டும். தழைச்சத்துக் குறைந்தால் முற்றிய இலை முதலில் மஞ்சளாகும்; இரும்புச்சத்துக் கிடைக்காவிட்டால் கொழுந்து முதலில் வெளுக்கும். செடி வாங்கிய இடத்தில் யூரியாவும், மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரமும் போடச் சொன்னார்கள். போட்டேன். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்தால் இரும்பை எடுப்பது செடிக்கு இன்னும் கடினமாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு செடிகள் நுனி கருகிப் பட்டுப்போயின. இன்றும் அந்த இடத்தைப் பார்த்தால் மனம் கனக்கிறது.

பொங்கலுக்கு வந்த பெரியப்பாதான் கண்டுபிடித்தார். விழுப்புரம் பக்கம் நிலக்கடலை போடுகிறவர். "சுண்ணாம்பு மண்ணில் கடலை இப்படித்தான் வெளுக்கும் அம்மா, மண்ணைத் தோண்டிப் பார்" என்றார். தோண்டினால் ஒரு முழ ஆழத்துக்குச் சிமென்ட் கட்டிகளும் பூச்சு உதிரிகளும்! மண்ணில் இரும்பு இருந்தும் சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்புச்சத்துள்ள உப்பு) வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலைமேல் தெளித்தோம். மண்ணில் கொட்டினால் அதையும் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். தரையில் பட்டால் துருக்கறை போகாது, கவனம். வெளுத்த இலைகள் தேறவில்லை. அடுத்து வந்த கொழுந்து பச்சையாக வந்தது. மீதி நான்கு செடிகளையும் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, செம்மண்ணும் மக்கிய இலையும் நிரப்பி நட்டிருக்கிறேன்.

*

நாகர்கோவிலிலிருந்து:

எங்கள் ஊரில் இதைத் தெச்சி என்போம். செம்மண், நல்ல மழை. யாரும் உரம் வைத்துப் பார்த்ததில்லை. தொல்காப்பியம் போரைப் பாடும் வெட்சித் திணையை, மலைநிலமான குறிஞ்சிக்குப் புறத்திணையாக வைத்தது. அந்த வெட்சியே இது என்பதால், மலைமண்ணைத் தேடும் செடியாக எனக்கு இது தோன்றும். எங்களுக்கு வந்த தொல்லை வேறு. தோட்டம் பார்ப்பவர் மாதந்தோறும் மேலே சமமாக வெட்டிவிடுவார். பூ கிளை நுனியில்தான் வரும். ஒரு வருடம் முழுக்க ஒரு கொத்துகூட இல்லை. இப்போது பூத்து ஓய்ந்த பிறகு மட்டும்தான் கத்தரி.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

அக்கா, எங்கள் குடாநாட்டின் அடித்தளமே சுண்ணாம்புக்கல். கிணற்று நீரும் அப்படித்தான். எக்சோராவை, அதாவது இந்த இட்லிப்பூவை, சீமெந்துச் சாடியில் வைத்தேன். சாடியிலிருந்தும் சுண்ணாம்பு கசியும் என்பது பிறகுதான் புரிந்தது. மண்சாடிக்கு மாற்றி, கூரையில் விழும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து ஊற்றுகிறேன். மாமரத்துச் சருகு மக்கியதும் அதற்கே போகிறது. இலையடியில் எறும்பு ஏறினால் திருப்பிப் பாருங்கள், மாவுப்பூச்சி இருக்கும். தண்ணீரைப் பலமாக அடித்தாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

*

மீண்டும் தாம்பரத்திலிருந்து:

தம்பி, பீப்பாய் யோசனைக்கு மிக்க நன்றி. மொட்டை மாடிக் குழாயடியில் 200 லிட்டர் பீப்பாய் ஒன்று வைத்துவிட்டேன். நாகர்கோவில் அன்பர் சொன்னபடி கத்தரியையும் உள்ளே வைத்தாயிற்று. நேற்றுப் பார்த்தபோது நான்கு செடிகளில் மூன்றில் நுனிமொட்டு. மகள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.