மழை லீவுன்னா எல்கேஜிக்கும் ஆன்லைன் கிளாஸா? நர்சரி டீச்சர்ஸ் என்ன சொல்றீங்க

செல்லூர்_டீச்சர்:
வணக்கம்ங்க. மதுரையில ஒரு சின்ன நர்சரி ஸ்கூல்ல எல்கேஜி எடுக்குறேன், ஸ்கூல் பேரு வேணாம். இனிமே மழைக்கு கலெக்டர் லீவு விட்டா பிரீகேஜில இருந்தே கூகுள் மீட்ல கிளாஸ் நடக்கணும்னு மேனேஜ்மெண்ட்ல சொல்லிட்டாங்க, பேரண்ட்ஸ் ஃபீஸ் கட்டுறாங்கல்ல அவங்களுக்கு பதில் சொல்லணுமாம். கொரோனா நேரத்துல எடுத்துப் பாத்தவங்களுக்குத் தெரியும், நாலு வயசுப் பிள்ளைக்கு போன்ல கிளாஸ்ங்கிறது பேருக்குத்தான். ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் இதையே பொலம்புறோம், மீட்டிங்ல ஒருத்தரும் வாயத் தெறக்கல. மத்த ஸ்கூல்ல எப்படி?

திருமங்கலத்துக்காரன்:
டீச்சர் கோவிச்சுக்காதீங்க, ஒரு பேரண்ட்டா சொல்றேன், உங்களுக்கு வேலை கூடுது அதான் விசயம். என் பையன் 2020ல எல்கேஜி சேந்தவன். நம்ம கவர்மெண்ட்டு எல்கேஜி யூகேஜிய தெறந்தது 2022 பிப்ரவரி 16. அதுவரைக்கும் மிஸ் மூஞ்சிய போன்லதான் பாத்தான், ஆனா தினம் பாத்தான். ஸ்கூல் தெறந்த அன்னைக்கு பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை, இவன் நேரா மிஸ்கிட்ட ஓடிட்டான். இதுக்கு என்ன சொல்றீங்க?

வைகைக்கரை:
எங்க வீட்ல அப்பத்தா ஏ டூ இசட் பூரா மனப்பாடம் பண்ணிருச்சுண்ணே. தம்பி மகன் மடியில தூங்கிட்டான், மிஸ் "வெரி குட்"னு சொன்னது அப்பத்தாவைத்தான் 😂

செல்லூர்_டீச்சர்:
திருமங்கலம் சார், பழக்கம் விடக்கூடாதுங்கிறது சரிதான். ஆனா பழகுறது வேற கத்துக்குடுக்குறது வேற. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கிரையான் பிடிக்கிறது. புதுசா வர்ற பிள்ளை அதை முஷ்டியில இறுக்கிப் பிடிக்கும், நாங்க பின்னாடி உக்காந்து அது கைய எங்க கைக்குள்ள வச்சு பெருவிரல் ஆள்காட்டி விரலை மெதுவா எடுத்து வச்சு ரவை பரப்புன தட்டுல மொதல்ல விரலாலயே கோடு போட வைப்போம், அதுக்கப்புறம் தான் கிரையானு, அப்புறம் தான் பென்சிலு. போன்ல நான் பிள்ளைக்கு எதிர்ல இருக்கேன், நான் வலது கைய தூக்குனா அது என்னைப் பாத்து இடது கைய தூக்குது. ரைம்ஸ் இன்னும் கொடுமை. கிளாஸ்ல இருவது பிள்ளையும் சேந்து கத்துனாத்தான் வாயே வராத பிள்ளைக்கும் வாய் வரும், மீட்ல சத்தம் ஒவ்வொரு வீட்ல இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் லேட்டா வரும், சேந்து பாடவே முடியாது, கடைசில எல்லாரையும் மியூட் போட்டுட்டு நான் மட்டும் பாடுவேன். அதுக்குப் பேரு கிளாஸா சார்?

யூகேஜி_அம்மா_வில்லாபுரம்:
நான் ஜவுளிக்கடையில வேலை. வீட்ல இருக்குற நல்ல போன் ஒண்ணு, அது எங்கூடயே காலைல கெளம்பிரும். பத்து மணி கிளாஸுக்கு என் மக எதுல பாக்கும்? ராத்திரி வந்து ரெக்கார்டிங் போட்டா அது "அம்மா நீயே பாரு"ன்னு திரும்பிப் படுத்துக்கிரும். ஹோம்வொர்க் போட்டோ வேற அனுப்பணும், அதை நான்தான் எழுதி அனுப்புனேன், இடது கையில எழுதுனாத்தான் பிள்ளை எழுதுன மாதிரி இருக்கும்.

வைகைக்கரை:
அக்கா 🙏

ஆனையூர்_மிஸ்:
எல்லா டீச்சரும் ஒரே கருத்துன்னு நினைச்சுக்காதீங்க, நானும் யூகேஜி மிஸ்தான், எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. கிளாஸ்ல ஒரு வார்த்தை பேசாத பொண்ணு ஒண்ணு, போன்ல அது வீட்டு ஆட்டுக்குட்டிய தூக்கிட்டு வந்து காமிச்சு நாள் பூரா அதைப் பத்தியே பேசுச்சு. அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பேச்சு வரும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அப்புறம் யாரும் சொல்லாத ஒண்ணையும் சொல்றேன், அந்த ஆன்லைன் கிளாஸ் இருந்ததாலதான் எனக்கு பாதி சம்பளமாவது வந்துச்சு. நடத்தாத ஸ்கூல்ல வேலை பாத்த என் ஃபிரண்டு வீட்ல இட்லி மாவு அரைச்சு வித்தா. பிடிக்குது பிடிக்கலன்னு பேசுறதுக்கு மொதல்ல கையில சம்பளம் வேணும்ல.

திருமங்கலத்துக்காரன்:
ஆனையூர் மிஸ் சூப்பர். நான் சொல்றதும் அதான், டீச்சருக்கு மனசு இருந்தா எதுலயும் நடத்தலாம். ஸ்கிரீன் ஸ்கிரீன்னு பயமுறுத்துறாங்க, உலக சுகாதார நிறுவனமே 2019ல ரெண்டுல இருந்து நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம்னுதான் சொல்லுச்சு. கிளாஸ் அரை மணி நேரம். கணக்கு சரியாத்தான வருது?

பால்வாடி_டீச்சர்:
உசிலம்பட்டி பக்கம் அங்கன்வாடியில இருக்கேன். சார், அந்த ஒரு மணி நேரத்தை காலை சாப்பாட்டுக்கே முடிச்சிர்றாங்க, கார்ட்டூன் ஓடலைன்னா வாய் தெறக்காது. மீதி எங்க இருக்கு உங்க கிளாஸுக்கு? குறைச்சாப் பாத்தா இன்னும் நல்லதுன்னும் அதுலயே சொல்லிருக்காங்க, அதை விட்டுட்டீங்க. 2020 ஜூலைல மத்திய அரசு ஆன்லைன் வகுப்புக்கு விதி போட்டப்ப பிரீபிரைமரிக்கு என்ன சொன்னாங்கன்னா, பேரண்ட்ஸ்கிட்ட பேசி வழி சொல்றதுக்கு, அதுவும் அரை மணி நேரத்துக்கு மேல வேணாம்னு. உங்க அரை மணி நேரம் அங்க பெத்தவங்களுக்கு சார், பிள்ளைக்கு இல்ல.

எங்க பக்கம் மீட்டும் இல்ல ஜூமும் இல்ல. வீடு வீடா சத்துமாவு குடுக்கப் போவோம்ல, அப்ப வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை, என்ன வெளையாடுனே, புளியங்கொட்டைய எண்ணுனியா, அவ்வளவுதான். போன் இருக்குற வீட்டுக்கு ராத்திரி ஒரு கதைய வாய்ஸ் மெசேஜா போடுவேன், அப்பத்தா காதுல ஒரு பக்கம் பிள்ளை காதுல ஒரு பக்கம் கேட்டுட்டு தூங்குவாங்க. மறுநாள் அந்த நரி என்னாச்சு டீச்சர்னு கேக்கும். அதனால போனே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். பிள்ளைய போன் முன்னாடி உக்கார வச்சு அட்டென்டன்ஸ் எடுத்து ஏ ஃபார் ஆப்பிள் சொல்ற அந்த கூத்துதான் ஆகாது.

செல்லூர்_டீச்சர்:
அக்கா நீங்க சொன்ன கதை மெசேஜ் நல்லாருக்கு. மழை நாளைக்கு அது போதும், கூட வீட்ல பருப்பையும் பயறையும் கலந்து குடுத்து பிரிக்கச் சொல்லுங்கன்னு அம்மாக்களுக்கு ரெண்டு வரி. நான் கேட்டுப் பாக்குறேன்.

ஆனையூர்_மிஸ்:
கேட்டாலும் விடமாட்டாங்க டீச்சர். வாய்ஸ் மெசேஜுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாதுல்ல. கட்டம் கட்டமா பிள்ளைங்க மூஞ்சி தெரியணும், அதைத்தான் ஸ்கூல் பேஜ்ல போடுவாங்க, அட்மிஷன் நேரத்துல அதான் விளம்பரம். எங்க ஸ்கூல்ல யூனிபார்ம் போட்டு உக்கார வைக்கச் சொன்னாங்க, மேல மட்டும் 😄

யூகேஜி_அம்மா_வில்லாபுரம்:
ஆமா எங்களுக்கும் சொன்னாங்க!! சட்டையத் தேச்சு வச்சேன், எந்திரிச்சா ஜட்டி.

திருமங்கலத்துக்காரன்:
ஸ்கிரீன்ஷாட்டுக்காகன்னா அது தப்புதான், நான் அதுக்கு வக்காலத்து வாங்கல. ஆனாலும் எனக்கு வாய்ஸ் மெசேஜ்லாம் ஒத்து வராது, அனுப்பிட்டு அதோட விட்டுருவீங்க, பிள்ளை கேட்டுச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும். மீட்ல மிஸ் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க, அதுக்காகவே என் பையன் போன் முன்னாடி தலை சீவி உக்காந்திருப்பான். சரி, கிளாஸே வேணாம்னா மழை லீவு விட்ட நாளுக்கு ஃபீஸ்ல கழிக்கச் சொல்லுங்க, நானும் பேசாம இருந்துக்கிறேன்.

செல்லூர்_டீச்சர்:
பேர் சொல்லிக் கூப்பிடணும்னா நான் வீட்டுக்கு ஒரு போன் போட்டே பேசிருவேன் சார், ஒரு பிள்ளைக்கு ரெண்டு நிமிசம், அதுல எனக்கு சங்கடமே இல்ல. ஃபீஸ் விசயத்தை நீங்க உங்க ஸ்கூல்ல போய்க் கேளுங்க. நாங்க கேட்டா வேலை போயிரும்.