டவுன்ரிகர், ப்ளானர் போர்டுக்கு தப்பான ராடு எடுத்து மீனை விட்டவங்க இருக்கீங்களா?

செம்பூர்_தூண்டில்:
ஜூலை 31-ஓட மழைக்கால மீன்பிடித் தடை முடிஞ்சு, கடல் அடங்கினப்புறம் அக்டோபர்ல மும்பைக்கு எதிர்க்கரை மாண்ட்வா பக்கம் போனோம். அத்தான் கனடாலருந்து கொண்டு வந்த கையால சுத்துற டவுன்ரிகர் (குண்டைத் தண்ணில தொங்கவிட்டு தூண்டிலை ஆழத்துல இழுத்துட்டுப் போற கருவி), 8 பவுண்டு குண்டு. ராடு மட்டும் என்னோடது, ஜிக்கிங்குக்கு (தூண்டிலை மேலும் கீழும் சுண்டிப் பிடிக்கிறதுக்கு) வாங்கின ஏழடி கார்பன், அப்படி ஒரு விறைப்பு. குண்டுப் பக்கம் இருக்குற கிளிப்புல (மீன் அடிச்சா லைனை விட்டுடும்) லைனை மாட்டி இறுக்கினா நுனி ஒரு சாண் வளையுது, அதுக்கு மேல சுத்தினா கிளிப்பே கழண்டுக்குது. சரி போதும்னு விட்டேன். கொஞ்ச நேரத்துல ராடு டக்னு நிமிந்துச்சு, கையில எடுத்தா லைன் தண்ணி மேல தொளதொளன்னு கெடக்கு, சுத்துறேன் சுத்துறேன் எதுவும் தட்டல, அப்புறம் ஒரே ஒரு இழுப்பு, படகுக்குப் பின்னாடி வஞ்சிரம் முழு உடம்பும் தெரிய எகிறிச்சு, போயிடுச்சு. கொக்கி பதியவே இல்ல. படகுக்கார கோளி அண்ணன் "சுர்மை, சுர்மை"ன்னு (வஞ்சிரத்துக்கு அவங்க பேரு) கத்தினது இன்னும் காதுல கேக்குது.

வாஷிக்காரன்:
எனக்கு நேர் எதிரா நடந்துச்சு. வேலையா டொராண்டோ போனப்ப ஒன்டாரியோ ஏரில, டவுன்ரிகருக்கு வச்சிருந்த எட்டரை அடி சாஃப்ட் ராடையே இன்லைன் ப்ளானர் போர்டுக்கும் (லைன்லயே மாட்டி, தூண்டிலைப் படகுக்குப் பக்கவாட்டுல தள்ளிக் கொண்டுபோற மிதக்குற பலகை) போட்டோம். போர்டு இழுக்குற இழுப்புல ராடு பாதி வரைக்கும் மடங்கியே நிக்குது, அலையா மீனான்னு தெரியல. போர்டு லேசா பின்தங்கி வந்ததைப் பாத்துக்கிட்டே காபி குடிச்சோம். இழுத்துப் பாத்தா சின்ன ட்ரவுட் ஒண்ணு செத்துத் தொங்குது, எவ்ளோ நேரமா இழுபட்டுச்சோ. விட வேண்டிய மீன் அது. போர்டுக்கு சாஃப்ட் ராடு வேண்டவே வேண்டாம்.

மாட்டுங்கா_பெரியவர்:
வாஷி தம்பி, அப்படி அடிச்சு சொல்லாதீங்க. இன்லைன் போர்டு உங்க லைன்லயே தொங்குது, அதை நாள் முழுக்க ராடுதான் தாங்கணும், அதுக்கு அடிப்பக்கம் வலுவான மீடியம் ஹெவி வேணும், சரி. ஆனா பெரிய போர்டை தனிக் கயிறுல கட்டி ஓட்டுற முறையில போர்டோட பாரம் ராடுக்கு வராது, மீன் அடிச்சா லைன் கிளிப்புலருந்து விடுபட்டுடும், அங்க சாஃப்ட் ராடு அருமையா ஓடும். நான் மிஷிகன் ஏரில சினூக் சால்மனுக்கு போனப்ப பிரெய்டு லைன் (பின்னல் நூல்) கிளிப்புல வழுக்கி வழுக்கியே ஒரு காலை வீணாச்சு, அவ்ளோதான் என் கதை. செம்பூர் தம்பி, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். டவுன்ரிகர் ராடு வில்லு மாதிரி, முன்கூட்டியே நல்லா வளைஞ்சு நிக்கணும், கிளிப் விட்டதும் அது நிமிர்ற வேகத்துலதான் தொய்வு பாதி போகும், மிச்சத்தைத்தான் நீங்க சுத்தணும். ஃபைபர்கிளாஸ் இல்லன்னா ஃபைபர்கிளாஸ் கலந்த ராடு, எட்டரையிலருந்து ஒன்பதடி, அடிவரைக்கும் வளையுறது. கடையில நுனியை மட்டும் ஆட்டிப் பாத்து வாங்காதீங்க, நுனியை ஒருத்தரைப் பிடிக்கச் சொல்லி லைனை இழுத்துப் பாருங்க. 20 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான் லைன்) போடுங்க, வஞ்சிரம் பல்லுக்கு முன்னாடி வயர் கட்டாயம்.

தானே_ராத்திரி:
பெரியவரே, மாண்ட்வால அவ்ளோ ஆழமே இல்லையே, அங்க டவுன்ரிகரே எதுக்கு? வெறும் டைவிங் லூர் (இழுத்தா தானா கீழ முங்குற செயற்கை இரை) போதும்.

செம்பூர்_தூண்டில்:
ஆழத்தை விடுங்க தானே. மீன் வந்துச்சு, அடிச்சுச்சு, அது பொய்யில்ல. பெரியவர் சொன்ன வில்லு விஷயம் படிச்சதும்தான் அந்த லைன் ஏன் அப்படிக் கெடந்துச்சுன்னு புரியுது. போன ஞாயித்துக்கிழமை சசூன் டாக் மீன் சந்தையில அதே அளவுல வஞ்சிரம் ஒண்ணு கெடந்துச்சு, வீட்ல வாங்கிட்டு வரச் சொல்லிருந்தாங்க, கை போகல, பாம்ஃப்ரெட் வாங்கிட்டு வந்துட்டேன்.