கீழ் கடைவாய்ப்பல் ஒண்ணு போயிடுச்சு, பிரிட்ஜா இம்ப்ளான்ட்டா? ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா சொல்றாங்க

கேள்வி

வணக்கம். எனக்கு வயசு 46. கீழ்த்தாடை இடது பக்கம் முதல் கடைவாய்ப்பல்லுக்கு பல வருஷம் முன்னாடி ரூட் கெனால் பண்ணி கேப் போட்டிருந்தேன், போன வருஷம் அது வேர் வரைக்கும் விரிசல் விட்டு சீழ் கட்டி கடைசில புடுங்க வேண்டியதாயிடுச்சு. எடுத்து 8 மாசம் ஆகுது. வலி போயிடுச்சேன்னு அப்படியே விட்டுட்டேன், இப்ப என்னடான்னா அந்தப் பக்கம் மெல்றதே இல்ல, எல்லாத்தையும் வலது பக்கமே தள்றேன், சாயங்காலம் ஆனா வலது தாடை மூட்டு வலிக்குது.

ஒரு டாக்டர் பார்த்துட்டு பிரிட்ஜ், அதாவது ரெண்டு பக்கத்துப் பல்லுலயும் கேப் மாட்டி நடுவுல பொய்ப்பல்லு, போட்டுடலாம், ரெண்டு மூணு வாரத்துல முடிஞ்சிடும்னார். இன்னொரு டாக்டரம்மாகிட்ட போனா, அதுக்கு முன்னாடி இருக்கற பல்லு நல்லா இருக்கு அதைத் தொடாதீங்க, இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்புல ஸ்க்ரூ இறக்கி அதுமேல பல்லு, பண்ணிக்கங்கன்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் பொறுமையாதான் பேசினாங்க, ஏமாத்தறாங்கன்னு தோணவே இல்ல, அதனாலதான் இவ்ளோ குழப்பம். சுகர் இருக்கு, மாத்திரை போடறேன். எலும்புல ஸ்க்ரூ இறக்குவாங்கன்னு கேட்டாலே வயித்தைப் பிசையுது. ஏதாவது ஒண்ணு போட்டு சில வருஷம் ஆனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1

எனக்கும் அதே பல்லுதான் சார். 13 வருஷம் முன்னாடி பிரிட்ஜ் போட்டேன். முதல் 9 வருஷம் அது பொய்ப்பல்லுங்கறதே மறந்து போச்சு, அவ்ளோ சவுகரியம். அப்புறம் ஒரு நாள் பின்பக்கம் ஒரு மாதிரி நாத்தம், பிரஷ் பண்ணினா ரத்தம். எக்ஸ்ரே எடுத்தா, கேப் போட்ட பின் பல்லோட ஓரத்துல சொத்தை நுழைஞ்சு உள்ள போயிருக்கு. வலி எதுவும் இல்லாததால நானா கண்டுபிடிக்க வழியே இல்ல. மூணு பல்லும் ஒரே துண்டா இருக்கறதால ஒண்ணை மட்டும் கழட்ட முடியாது, மொத்தத்தையும் அறுத்துதான் எடுத்தாங்க. அந்தப் பல்லைக் காப்பாத்த முடியல. ஒரு பல்லு இல்லன்னு போன எனக்கு இப்ப ரெண்டு பல்லு இல்ல.

பிரிட்ஜை நான் குறை சொல்ல மாட்டேன். நடுவுல நிக்கற பொய்ப்பல்லுக்கும் ஈறுக்கும் இடையில தினமும் நூல் நுழைச்சு இழுத்து சுத்தம் பண்ணணும்னு எனக்குத் தெரியவே தெரியாது, யாரும் சொல்லல, நானும் கேக்கல. அதுக்குன்னே முனை விறைப்பா இருக்கற நூல் விக்குது, சின்ன பாட்டில் பிரஷ் மாதிரியும் ஒண்ணு இருக்கு. பிரிட்ஜ் போடறதா இருந்தா முதல் நாளே டாக்டர்கிட்ட கண்ணாடி முன்னாடி உக்காந்து அதைப் பழகிட்டு வாங்க.

பதில் 2

நான் பல் டாக்டர். வாயைப் பாக்காம இதைத்தான் போடணும்னு சொல்றது சரியில்ல, ஆனா அவங்க ரெண்டு பேரும் ஏன் வேற வேற சொன்னாங்கன்னு சொல்ல முடியும்.

நீங்க பல்லு போன இடத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. நாங்க முதல்ல பாக்கறது அதுக்கு ரெண்டு பக்கமும் நிக்கற பல்லை. பிரிட்ஜ்னா அந்த ரெண்டையும் சுத்தி அரைச்சு சின்னதாக்கி அதுமேல கேப் மாட்டணும், அரைச்ச எனாமல் திரும்ப வளராது, சில சமயம் அரைச்ச பல்லுக்கு பின்னாடி ரூட் கெனாலும் தேவைப்படலாம். அதுவும் இல்லாம மூணு பல்லு தாங்கின பாரத்தை இனிமே ரெண்டு பல்லுதான் தாங்கணும். ரெண்டு பக்கமும் ஏற்கனவே பெரிய ஃபில்லிங், கேப்னு இருந்தா பிரிட்ஜால பெருசா இழக்க ஒண்ணும் இல்ல. சொத்தையே படாத பல்லா இருந்தா அதை அரைக்க எனக்கு மனசு வராது.

ஸ்க்ரூ பயத்துக்கு ஒரு விஷயம். 1950கள்ல ஸ்வீடன்ல பிரோனமார்க்னு ஒரு டாக்டர் முயல் எலும்புக்குள்ள டைட்டானியம் கருவி வெச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு கடைசில கழட்டப் போனா வரல, எலும்பு அதைக் கெட்டியா பிடிச்சுக்கிச்சு. அங்கருந்து வந்ததுதான் இம்ப்ளான்ட், 1965லயே முதல் ஆளுக்கு வெச்சுட்டாங்க. பல்லு புடுங்க போடற அதே மரத்துப்போற ஊசிதான் இதுக்கும், நிறைய பேர் பல்லு புடுங்கினதைவிட சுலபம்னுதான் சொல்றாங்க. ஆனா அவசரப்பட முடியாது, எலும்பு ஒட்டறதுக்கு கீழ்த்தாடைல பொதுவா 3 மாசமாவது விட்டுட்டுதான் மேல பல்லு வெப்போம்.

கீழ்த்தாடைக்குள்ள உதட்டுக்கு உணர்ச்சி கொண்டு போற நரம்பு ஓடுது, அதுல ஸ்க்ரூ பட்டா உதடு மரத்துப் போகலாம், அதனால முப்பரிமாண ஸ்கேன் எடுத்து எலும்போட உயரம் அகலம் ரெண்டையும் பாத்துட்டுதான் இறங்கணும். பல்லு எடுத்த முதல் வருஷத்துலதான் எலும்பு வேகமா கரையும், உங்களுக்கு 8 மாசம் ஆச்சு, இனியும் தள்ளிப்போடாதீங்க. எதிர்ல இருக்கற மேல் பல்லு காலி இடத்தைப் பாத்து இறங்கிட்டா அப்புறம் எதை வெக்கவும் இடம் இருக்காது.

சுகருக்கு எச்பிஏ1சி, அதான் ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டற ரத்தப் பரிசோதனை, எவ்ளோ? 7 பக்கத்துல இருந்தா பொதுவா தயங்க மாட்டோம், 8 தாண்டினா முதல்ல அதைக் குறைச்சுட்டு வாங்கன்னு சொல்றவங்கதான் அதிகம். பின்னாடி பல்லு எப்படி இருக்கு, அதைச் சொல்லவே இல்லையே?

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி டாக்டர். எச்பிஏ1சி போன மாசம் 7.1. முன்னாடி பல்லுல ஒண்ணுமே இல்ல. பின்னாடி பல்லுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ரூட் கெனால் ஆச்சு, கேப் போடச் சொன்னாங்க, நான் போடல.

பதில் 2 (மறுபடியும்)

இப்ப புரியுது. பின்னாடி பல்லுக்கு எப்படியும் கேப் வேணும், அதோட சேத்து பிரிட்ஜா பண்ணிட்டா ஒரே வேலையா முடியும்னு முதல் டாக்டர் நினைச்சிருப்பார், அது தப்பான யோசனை இல்ல. டாக்டரம்மா முன்னாடி பல்லை நினைச்சுப் பேசியிருக்காங்க. என்கிட்ட வந்திருந்தா, எலும்பு இருக்கற பட்சத்துல, நடுவுல இம்ப்ளான்ட், பின்னாடி தனி கேப்னுதான் சொல்லுவேன். ரூட் கெனால் பண்ணின பல்லு உடையற வாய்ப்பு அதிகம், அதுமேல இன்னொரு பல்லோட பாரத்தையும் ஏத்த எனக்கு இஷ்டமில்ல. தனித்தனியா இருந்தா ஒண்ணு கெட்டாலும் அதை மட்டும் பாத்துக்கலாம். ஆனா ஸ்கேன்ல எலும்பு போதலன்னா, எலும்பு வெச்சு வளர்க்கற ஆபரேஷன், அது ஆற பல மாசம்னு போகும், அதுக்கு உங்களுக்குப் பொறுமை இல்லன்னா பிரிட்ஜ் நியாயமான முடிவுதான். முடிவு பண்ணாம பின் பல்லுக்கு கேப் போட்டுடாதீங்க, பிரிட்ஜ்னா அதையே அறுக்கணும். அதே நேரம் கேப் இல்லாம ரொம்ப நாள் விடவும் கூடாது.

பதில் 3

இம்ப்ளான்ட் தோத்துப்போன கதையும் தெரிஞ்சுக்கங்க. எனக்கு முதல் தடவை ரெண்டாவது மாசமே ஆட ஆரம்பிச்சுது, எலும்பு ஒட்டவே இல்ல. அப்ப சிகரெட் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், டாக்டர் விடச் சொன்னதைக் கேக்கல. எடுத்துட்டு சில மாசம் ஆறவிட்டு, சிகரெட்டை நிறுத்திட்டு மறுபடி வெச்சாங்க, இப்ப 6 வருஷமா அசையாம நிக்குது. ஒண்ணு மட்டும் வித்தியாசம், சொந்தப் பல்லுல கடிச்சா எவ்ளோ அழுத்தறோம்னு தெரியும்ல, இதுல அந்த அளவுக்குத் தெரியாது. சொத்தை வராதுதான், ஆனா சுத்தியிருக்கற ஈறு வீங்கினா உள்ள எலும்பு கரையும்னு சொல்லி 6 மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு பாக்கறாங்க. எந்த கம்பெனி, என்ன சைஸ்னு ஒரு கார்டு தருவாங்க, பத்திரமா வெச்சுக்கங்க, வேற டாக்டர்கிட்ட போனா அது இல்லாம திண்டாடணும்.

பதில் 4

நடுவுல கேக்கறேன், மன்னிக்கணும். எங்க அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை பல வருஷமா போடறாங்க, அவங்களுக்கு இம்ப்ளான்ட் வெக்கலாமா டாக்டர்?

பதில் 2 (மறுபடியும்)

அலென்ட்ரோனேட் மாதிரி மாத்திரையா இருந்தா பல் டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா அதைச் சொல்லுங்க. அபூர்வமா தாடை எலும்பு ஆறாமப் போற ஆபத்து இருக்கு, வருஷக்கணக்கா போட்டா அது கூடும், கேன்சருக்காக ஊசியா போடறவங்களுக்கு இன்னும் அதிகம். அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. எழுதிக் கொடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். கழட்டி மாட்டற பல் செட்டும் பிரிட்ஜும் இருக்கவே இருக்கு.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. டாக்டரம்மாவுக்கு போன் பண்ணிட்டேன், வியாழக்கிழமை ஸ்கேன். எலும்பு இருந்தா இம்ப்ளான்ட், இல்லன்னா பிரிட்ஜ், அதுக்கு மேல யோசிக்கப் போறதில்ல. ரிப்போர்ட் வந்ததும் இங்கயே எழுதறேன்.