புது நாட்டில் பெரிய திரை லேப்டாப்: 17 அங்குலத்துக்குப் போகும் முன்

வெளிநாடு வந்து இறங்கியதும் பலரும் கேட்பது இது: "பகல்ல வேலை, ராத்திரி படம், ரெண்டுக்கும் ஆகிற மாதிரி பெரிய திரை லேப்டாப் ஒண்ணு சொல்லுங்க." ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதைவிட இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். வழக்கமாக வரும் துணைக் கேள்விகளுக்கும் கீழே பதில் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை அறையில் இருக்கிறீர்கள், ஓரிரு வருடத்தில் வீடு மாறலாம், சொந்தமாக ஒரே ஒரு கணினிதான் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் 16 அங்குலம், 16:10 விகிதத் திரை (அகலம் 16 பங்கு என்றால் உயரம் 10 பங்கு) வாங்குங்கள். 17.3 அங்குலத்தை விட்டுவிடலாம்.

காரணம் திரையின் கணக்கில் இருக்கிறது. விளம்பரத்தில் வரும் அங்குலம் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தது. உங்கள் வேலைக்குத் தேவைப்படுவது உயரம். எக்செல்லில் எத்தனை வரி தெரிகிறது, நிரலில் எவ்வளவு தூரம் நகர்த்தாமல் படிக்க முடிகிறது என்பதெல்லாம் உயரத்தால்தான் தீர்மானமாகிறது. பெரும்பாலான 17.3 அங்குல லேப்டாப்கள் இன்னும் 16:9 விகிதத்தில் வருகின்றன. அந்தத் திரையின் அகலம் சுமார் 38.3 செ.மீ., உயரம் 21.5 செ.மீ. 16 அங்குல 16:10 திரையின் அகலம் சுமார் 34.5 செ.மீ. உயரம்? அதே 21.5 செ.மீ.! கூடுதல் எடையும் பெரிய பையும் சுமந்து நீங்கள் பெறுவது பக்கவாட்டில் நான்கு செ.மீ. மட்டும்.

படம் பார்ப்பதற்கு அந்த நான்கு செ.மீ. உதவும், மறுக்கவில்லை. சினிமாஸ்கோப் படம் அகலத்தை முழுதாக நிரப்பி மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடுவதால், அகலமான திரையில் படம் அந்த அளவுக்குப் பெரிதாகவே தெரியும். ஆனால் நாளில் எட்டு மணி நேரம் வேலை, இரண்டு மணி நேரம் படம் என்றால் எதற்கு முதலிடம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். 16:10 விகிதத்திலேயே 17 அங்குலம், 18 அங்குலம் கிடைத்தால் அது வேறு கதை, அங்கே உயரமும் நிஜமாகவே கூடும். எல்ஜி கிராம் 17 அப்படிப்பட்டது, எடையும் ஒன்றரைக் கிலோவுக்குள். 18 அங்குலத்தில் வருபவை பெரும்பாலும் கேமிங் லேப்டாப்கள், மூன்று கிலோவைத் தாண்டிவிடும்.

ஒரு பழைய செய்தித்தாளை 38 × 21.5 செ.மீ. அளவில் ஒன்றும் 34.5 × 21.5 செ.மீ. அளவில் ஒன்றுமாக வெட்டி, உங்கள் மேசையில் நீங்கள் உட்காரும் தூரத்தில் நிறுத்திப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அப்படியே முதுகுப்பையிலும் வைத்துப் பாருங்கள். பல பைகள் 15.6 அங்குல லேப்டாப்புக்கு என்று தைத்தவை. திரையைச் சுற்றியுள்ள விளிம்பையும் சேர்த்தால் 17.3 அங்குல லேப்டாப் அதில் நுழையாது.

சரி, அளவு முடிந்தது. அடுத்து திரையின் தரம். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பிராசஸரின் பெயர்தான், திரையின் தரம் அல்ல. விவரப் பட்டியலில் மூன்று எண்களைத் தேடுங்கள். ஒன்று, வெளிச்சம்: 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்றால் பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேலை பார்ப்பது சிரமம். 300 போதும், 400 இருந்தால் நிம்மதி. இரண்டு, நிறம்: திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவு இது. "45% என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தால் முகங்களெல்லாம் வெளிறித் தெரியும், படம் பார்க்க ஆசைப்படுபவர்கள் அதைத் தொடவே வேண்டாம். "100% எஸ்ஆர்ஜிபி" என்று இருப்பதைத் தேடுங்கள். மூன்று, தெளிவு: 17.3 அங்குலத்தில் 1920 × 1080 என்றால் ஓர் அங்குலத்துக்கு 127 புள்ளிகள். 16 அங்குலத்தில் 2560 × 1600 என்றால் 189. தமிழ் படிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். சின்ன எழுத்தில் ணகரச் சுழியும் னகரச் சுழியும் பிரிந்து தெரிய, மெய்யெழுத்துப் புள்ளி மங்காமல் இருக்க, இந்தத் தெளிவு உதவுகிறது. இதைவிட நுணுக்கமான 4கே திரை வரை போக வேண்டியதில்லை. பேட்டரியை வேகமாகக் குடிக்கும், இந்த அளவுத் திரையில் கண்ணுக்கும் பெரிய மாற்றம் தெரியாது. பல ஓடிடி தளங்கள் பிரௌசரைப் பொறுத்துப் படத்தின் தரத்தைக் குறைத்தே அனுப்புகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓஎல்இடி திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) இரவில் படம் பார்க்க அருமை. கறுப்பு என்றால் நிஜக் கறுப்பு. ஆனால் பெரும்பாலும் பளபளப்பான கண்ணாடி மேல்பரப்போடு வரும், எதிரே ஜன்னல் இருந்தால் அது அப்படியே பிரதிபலிக்கும். நாள் முழுக்க ஒரே மெனு ஒரே இடத்தில் நிற்கும் வேலை என்றால், வருடக்கணக்கில் அதன் தடம் திரையில் பதிய வாய்ப்பும் உண்டு. என்னுடைய தேர்வு நல்ல ஐபிஎஸ் திரைதான் (பின்னாலிருந்து விளக்கொளி வரும் எல்சிடி வகை). 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை, கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா நொடிக்கு 24 பிரேம்கள், 120 அதன் சரியான ஐந்து மடங்கு என்பதால் காட்சி நகரும்போது தடுமாற்றம் இருக்காது.

ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) 16 ஜிபி. பல லேப்டாப்களில் அதைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. எஸ்எஸ்டி (கோப்புகள் சேமிக்கும் இடம்) 512 ஜிபி போதும், பெரும்பாலும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

ஒலிபெருக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். அடிப்பக்கம் இருந்தால் மெத்தையில் வைத்ததும் குரல் அமுங்கிவிடும். விசைப்பலகையின் இருபுறமும் மேல்நோக்கி இருப்பது நல்லது. அப்புறம் எண்பலகை, அதாவது விசைப்பலகையின் வலது ஓரத்தில் தனியாக இருக்கும் எண் விசைகள். கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு அது வரம். மற்றவர்களுக்கு, தட்டச்சு செய்யும் கைகள் இடப்பக்கம் தள்ளிப்போய், கழுத்து நாள் முழுக்க வலப்பக்கம் திரும்பியே இருக்கும். பெரிய திரை லேப்டாப் வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. கடையில் ஐந்து நிமிடமாவது தட்டிப் பாருங்கள்.

இனி வழக்கமாக வரும் கேள்விகள்.

"ஊரிலிருந்தே வாங்கி வரலாமா, இங்கே வாங்கலாமா?" உத்தரவாதம் எந்த நாட்டில் செல்லும் என்று முதலில் பாருங்கள். சில மாடல்களுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான் சேவை. உலகம் முழுக்கச் செல்லும் என்று எழுத்தில் இருந்தால் கொண்டுவரலாம். சார்ஜரைப் பற்றிக் கவலை வேண்டாம். அதில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் எந்த நாட்டிலும் ஓடும், மின்மாற்றி எதுவும் தேவையில்லை. சார்ஜர் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் ஒயரை மட்டும் அந்த நாட்டுப் பிளக் உள்ளதாக மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று முனை பிளக்கை எர்த் இல்லாத இரண்டு முனை அடாப்டரில் செருகினால், உலோக உடலைத் தொடும்போது விறுவிறுவென்று லேசாக உணரலாம். எர்த் உள்ள ஒயருக்கு மாறினால் அது போய்விடும்.

"இங்கே கீபோர்டு வேற மாதிரி இருக்கே?" ஆமாம். ஜெர்மனியில் Y, Z இரண்டும் இடம் மாறியிருக்கும். பிரான்சில் A, Q மாறும், எண்களுக்கு ஷிப்ட் அழுத்த வேண்டும். மென்பொருளில் பழைய அமைப்புக்கு மாற்றலாம், ஆனால் விசையில் ஒன்று அச்சாகியிருக்கும், திரையில் வேறொன்று வரும். பார்த்துத் தட்டுபவர் என்றால் அமெரிக்க விசையமைப்பு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், இணையத்தில் ஆர்டர் செய்யும்போது சில நிறுவனங்கள் தேர்வு செய்ய விடுகின்றன. தமிழ்99 என்ற தமிழ் விசையமைப்பில் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. விண்டோஸிலும் மேக்கிலும் அது உள்ளேயே இருக்கிறது, விரல்கள் எப்படியும் இடத்தை வைத்தே போகும்.

"ஆபீஸ்லயே லேப்டாப் கொடுத்திருக்காங்க, அதுலயே படம் பார்த்துக்கவா?" வேண்டாம் தம்பி. அது நிறுவனத்தின் சொத்து, அதில் நடப்பதை அவர்களால் பார்க்க முடியும். விசாவே வேலையை நம்பி இருக்கும்போது இப்படி ஒரு சிக்கல் எதற்கு? உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு என் யோசனையே வேறு: 24 அல்லது 27 அங்குல மானிட்டர் ஒன்று, யூஎஸ்பி-சி வழியாகவே சார்ஜும் கொடுப்பதாக. பகலில் ஆபீஸ் லேப்டாப்பை ஒரே ஒயரில் செருகுங்கள், மாலையில் அதே ஒயரை, சொந்தத்துக்கு வாங்கும் 14 அங்குல லேப்டாப்புக்கு மாற்றுங்கள். திரையும் பெரிது, தோளிலும் சுமை இல்லை.

"கேம் ஆடுவேன், அப்போ?" அப்போது தனி கிராபிக்ஸ் சிப் வேண்டும், 17 அங்குலமும் நியாயம்தான், வெப்பம் வெளியேற இடம் கிடைக்கும். ஆனால் சிப்பின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கிராபிக்ஸ் சிப் ஒன்றே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை பல அளவுகளில் வந்தது, வேகமும் அதற்கேற்ப மாறும். படம் பார்க்கவும் அலுவலக வேலைக்கும் தனி சிப் தேவையே இல்லை.

"செகண்ட் ஹேண்ட் பரவாயில்லையா?" தாராளமாக. நிறுவனங்கள் கழித்துவிட்டுப் புதுப்பித்து விற்கும் பிசினஸ் லேப்டாப்கள் உறுதியானவை. ஒன்றே ஒன்று: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக, விண்டோஸ் 11 ஏற்பதாக இருக்க வேண்டும். பேட்டரியின் நிலையையும் கேளுங்கள். வாங்கும் இடத்திலேயே விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து "powercfg /batteryreport" என்று தட்டச் சொன்னால், ஓர் அறிக்கைக் கோப்பு உருவாகும். அதைத் திறந்தால் பேட்டரியின் கொள்ளளவு புதிதில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண்களும் இருக்கும். பாதியாகக் குறைந்திருந்தால் பேட்டரி மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.