கோவை – சான் பிரான்சிஸ்கோ: 16 மணி நேரமா, 26 மணி நேரமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு மகள்:
வணக்கம். அப்பாவும் அம்மாவும் ஜூலையில் அண்ணன் வீட்டுக்கு முதன்முறையாக அமெரிக்கா போகிறார்கள். கோவையில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, சான் பிரான்சிஸ்கோவில் இறங்க வேண்டும். தூரம் காட்டும் இணையதளத்தில் சுமார் 14,200 கி.மீ., 16 மணி நேரம் என்று வருகிறது. டிக்கெட்டில் 26 மணி நேரம். ஆனால் அதே டிக்கெட்டில் புதன் 00.45-க்குப் புறப்பாடு, புதன் பிற்பகல் 2.15-க்கு வருகை! அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டு, "பதின்மூன்றரை மணி நேரம்தானே வருகிறது?" என்கிறார். அப்பா காலை 7, இரவு 7 இன்சுலின் போடுகிறவர். பயணம் எத்தனை மணி நேரம் என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். எதைச் சொல்வது?

பீளமேட்டிலிருந்து:
அம்மிணி, 26 என்றே சொல்லுங்கள். 14,200 என்பது உருண்டைப் பூமியின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். அதை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து 16 என்று காட்டுகிறார்கள். கோபியிலிருந்து விமான நிலையத்துக்குக் காகம் நேராகப் பறக்கும், நாம் சேவூர், அவிநாசி என்று சுற்றித்தான் வருகிறோம் அல்லவா? உங்கள் பெற்றோருக்குச் சிங்கப்பூர் வரை ஏறக்குறைய 3,150 கி.மீ., நான்கரை மணி நேரம். அங்கே ஆறு மணி நேரக் காத்திருப்பு. பிறகு பசிபிக் மேல் சுமார் 13,600 கி.மீ., பதினைந்தரை மணி நேரம். கூட்டினால் 26.

அம்மாவின் கணக்கிலும் தவறில்லை. ஜூலையில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. பதின்மூன்றரையோடு அதைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அதே 26 வரும்.

நேரடி விமானத்திலும் 16-இல் முடியாது. 2021 ஜனவரியில் பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ நேரடி சேவை தொடங்கியபோது, சுமார் 14,000 கி.மீ. தூரத்துக்கே 17 மணி நேரம் ஆனது.

ஈரோட்டிலிருந்து ஒரு செவிலியர்:
அக்கா, எந்த வேளைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே எழுதித் தரட்டும். அதுவரை அப்பாவின் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவிடுங்கள். இன்சுலினைக் கைப்பையில் மட்டும் வையுங்கள். சரக்கறையில் போகும் பெட்டியில் உறைந்து கெட்டுப்போகலாம். ஊசிகளுக்கு மருத்துவர் கடிதமும் கூடவே இருக்கட்டும்.

பீளமேட்டிலிருந்து:
முக்கியமானதை விட்டுவிட்டேன். புதன் 00.45 என்றால் செவ்வாய் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வருகிற நள்ளிரவு. செவ்வாய் இரவு ஒன்பதரைக்குள் விமான நிலையத்தில் இருங்கள். புதன் இரவு பெட்டியோடு வந்து, விமானம் நேற்றே போய்விட்டதென்று அறிந்து உட்கார்ந்துவிட்ட குடும்பத்தை இதே வாசலில் பார்த்திருக்கிறேன்.

கோபி மகள்:
நல்ல வேளை, புதன் சாயங்காலத்துக்குத்தான் கார் சொல்லியிருந்தோம்! இப்போதே மாற்றிவிட்டேன். இன்னொன்று: டிசம்பரில் திரும்பும்போது பசிபிக் பயணம் மட்டும் 17 மணி நேரம் காட்டுகிறது. அச்சுப் பிழையா?

பீளமேட்டிலிருந்து:
இல்லை. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடுகிறது. போகும்போது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிர்த்து வீசும். குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் அதிகம். வரும்போது இரண்டு தேதி தள்ளி இறங்குவார்கள், அழைக்க வரும் காருக்கு அந்தத் தேதியைச் சொல்லிவையுங்கள்.

கோபி மகள்:
மிக்க நன்றி அண்ணா. அம்மா செவ்வாய்க்கிழமைத் தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டார்.